வழி தவறிய ஓகே

திருவூடல் தெருவில் மாடியில் இருந்தது கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கோபியின் கடை. அங்கே கம்ப்யூட்டர் இரண்டு. 2006 ஆடி மாதத்திலிருந்து கீபோர்டும் மவுஸும் ஒவ்வொன்றுதான். இன்னொரு ஜோடி போனதற்குக் காரணம் ஒரு குரங்கு. ஜன்னல் வழியே வந்த அது கீதாஞ்சலியின் மேசையிலிருந்த வாழைப்பழத்தை எடுத்தது. எடுத்த வேகத்தில் டீ டம்ளரைக் கீபோர்டின் மேல் கவிழ்த்தது. போகும்போது மவுஸையும் வயரோடு பிடுங்கிக்கொண்டு போய், எதிர்வீட்டுக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து ஒரு கடி கடித்துப் பார்த்துவிட்டுச் சாக்கடையில் போட்டது.

"புதுசு வாங்கிடலாங்க" என்றாள் கீதாஞ்சலி. அவள் கோபியின் மனைவி. கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பது அவள் வேலை.

"எதுக்கு? ஒண்ணே போதும்" என்றான் கோபி. இன்டர்நெட்டில் ஒரு புரோகிராமைத் தேடி இறக்கினான். இரண்டு கம்ப்யூட்டரையும் ஒரு வயரால் இணைத்தான். பிறகு மவுஸை மெல்ல வலப்பக்கம் தள்ளிக் காட்டினான். ஒரு திரையின் ஓரத்தில் இடித்த அம்புக்குறி அங்கே மறைந்து, பக்கத்துத் திரையின் ஓரத்தில் முளைத்தது. அது எந்தத் திரையில் நிற்கிறதோ, கீபோர்டில் தட்டுவதெல்லாம் அந்தத் திரையில் விழும். கோபி அதை வந்தவர் போனவருக்கெல்லாம் தள்ளித் தள்ளிக் காட்டினான். அதில் வேலை செய்ய வேண்டியவன் மட்டும் அவன் இல்லை.

இன்னொரு கம்ப்யூட்டரில் உட்காருபவள் கோபியின் தங்கை மணிமொழி. ஸ்கேன் எடுப்பது, பரீட்சை ரிசல்ட் பார்த்துச் சொல்வது, ஆன்லைனில் விண்ணப்பம் போடுவது எல்லாம் அவள் பொறுப்பு. நாத்தனாருக்கும் அண்ணிக்கும் நடுவில் ஒரு ஸ்டூல், அதன் மேல் கீபோர்டு. மணிமொழி ஒருவருடைய முகவரியைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே கீதாஞ்சலி மவுஸை இழுத்துவிடுவாள். பாதி முகவரி கல்யாணப் பத்திரிகையின் பிள்ளையார் படத்துக்குக் கீழே போய் விழும்.

"அண்ணி, நான் இன்னும் முடிக்கல."

"நீ முடிக்கறதுக்குள்ள இங்க முகூர்த்தமே முடிஞ்சுடும்டி."

இதெல்லாம் சிரிப்போடு முடிகிற சண்டைதான்.

ஆவணி பிறந்ததும் மணிமொழியைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பையன் சரவணகுமார். கீழ்பென்னாத்தூர்க்காரன், வேலூரில் ஒரு லேப்பில் ரத்தப் பரிசோதனை செய்பவன். மணிமொழி யோசிக்க வேண்டும் என்றாள். யோசிக்கிற சாக்கில் இருவரும் மெசஞ்சரில் பேச ஆரம்பித்தார்கள். ஆங்கில எழுத்தில் தமிழ். இது கோபிக்குத் தெரியாது. கீதாஞ்சலிக்குத் தெரியாது என்று மணிமொழி நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வியாழக்கிழமை அவன் கேட்டான்: 'ஞாயித்துக்கிழமை எங்க அப்பா உங்க வீட்டுக்குப் பேச வரலாம்னு சொல்றார். வரச் சொல்லட்டுமா? உங்களுக்கு ஓகேவா?'

மணிமொழிக்குக் காது சூடாகிவிட்டது. பக்கத்தில் கீதாஞ்சலி அடி அண்ணாமலை ஊர்க்காரர் வேடியப்பனுடைய மகள் கல்யாணப் பத்திரிகையைத் திறந்து வைத்திருந்தாள். எழுந்து பீரோ பக்கம் போய் மாதிரி அட்டைகளைத் தேடிக்கொண்டிருந்தாள். இதுதான் சமயம். மணிமொழி கண்ணை அண்ணியின் முதுகில் வைத்தபடியே 'ஓகே' என்று இரண்டு எழுத்தைத் தட்டி என்டரை அழுத்தினாள். அதற்குள் கீதாஞ்சலி திரும்ப, மணிமொழி சட்டென்று தன் மானிட்டரை அணைத்துவிட்டாள்.

"இன்னாடி, மானிட்டரை அணைச்சுட்ட?"

"கண்ணு வலிக்குது அண்ணி."

ஞாயிற்றுக்கிழமை மணிமொழி காலையிலேயே தலைக்குக் குளித்தாள். யாரிடமும் சொல்லவில்லை. வாசலைக் கூட்டி, வழக்கத்தைவிடப் பெரிய கோலம் போட்டாள். மதியம் வரை ஆட்டோ சத்தம் கேட்டபோதெல்லாம் எட்டிப் பார்த்தாள். யாரும் வரவில்லை. திங்கட்கிழமை மெசஞ்சரில் அவன் பெயர் சாம்பல் நிறத்தில் கிடந்தது. செவ்வாயும் அப்படித்தான். சரி என்று வாய் திறந்து சொன்னதும் மதிப்பு கம்மியாகிவிட்டது போல, என்று நினைத்துக்கொண்டாள். அன்று மவுஸை யார் இழுத்தாலும் அவள் சண்டைக்குப் போகவில்லை. கீதாஞ்சலிக்கு அதுதான் பயமாக இருந்தது.

புதன்கிழமை வேடியப்பன் ப்ரூஃப் பார்க்க வந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மாமன் மச்சான் பெயர்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

"தங்கள் நல்வரவை விரும்பும் ழம." இன்னொரு முறை படித்தார். "ழம யாருங்கம்மா? எங்க பங்காளிங்கள்ல அப்படி யாரும் இல்லியே."

கீதாஞ்சலி வாங்கிப் பார்த்தாள். "நான் அடிக்கலீங்களே. இங்கிலீஷ்ல ஏதோ தட்டியிருக்காங்க. இந்தத் தமிழ் ஃபாண்ட்ல ஓ தட்டினா ழ விழும், கே தட்டினா ம விழும்." சொல்லிவிட்டு நிறுத்தினாள். "ஓகேன்னு யாரு தட்டினது?"

மணிமொழி தன் கம்ப்யூட்டரில் மெசஞ்சரைத் திறந்து பழைய பேச்சை மேலே உருட்டினாள். அவன் கேட்ட கேள்வி அப்படியே இருந்தது. அதற்குக் கீழே அவள் எழுதியது எதுவுமில்லை. அன்றைக்கு அம்புக்குறி அண்ணியின் திரையில் நின்றிருக்கிறது. அவள் சொன்ன சம்மதம் வேடியப்பன் வீட்டுப் பத்திரிகைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். கீதாஞ்சலி அவள் திரையை ஒரு முறை எட்டிப் பார்த்தாள். தன் செல்போனை எடுத்து, தேடி, ஒரு நம்பரைப் போட்டு நீட்டினாள்.

"ஜாதகத்தோட குடுத்த நம்பர்தான். பேசு."

மணி அடித்தது. அவன் எடுத்தான்.

"நான் மணிமொழி பேசறேங்க. நீங்க கேட்டதுக்கு நான் அன்னிக்கே பதில் சொல்லிட்டேன். அது வேற ஒருத்தர் பத்திரிகையில போய் விழுந்துடுச்சு."

"புரியலீங்க. நீங்க பதிலே போடலன்னுதான் அப்பாவைப் போக வேணாம்னு சொன்னேன். உங்களைத் தொந்தரவு பண்றேனோன்னு அந்தப் பக்கமே வரல."

"ஒரே கீபோர்டுங்க, ரெண்டு கம்ப்யூட்டர். எங்க அண்ணன் வேலை." அவள் முழுக் கதையையும் சொன்னாள். அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. அவன் சிரித்து அவள் கேட்டது அதுதான் முதல் முறை.

"அப்ப என்ன தட்டினீங்க? வாயால சொல்லுங்க. இது எனக்குத்தானே வரும்?"

மணிமொழி நிமிர்ந்தாள். அண்ணி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். வேடியப்பன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று படி கீழே கோபி டீயோடு ஏறி வரும் செருப்புச் சத்தம் கேட்டது.

"சரிங்க" என்றாள் அவள், எல்லோருக்கும் கேட்கும்படி. "அப்பாவை வரச் சொல்லுங்க."

வேடியப்பன் திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு அட்டையைக் கீதாஞ்சலி பக்கம் தள்ளினார்.

"நல்லதும்மா. எங்க பத்திரிகையில இருந்து மட்டும் அதை எடுத்துடுங்க."