ஆயில் பிரஷர் சரியாக இருந்தது

அணைக்கரையில் கூடியிருந்த அத்தனை பேரும் அந்த ஒரு படகைத்தான் நம்பியிருந்தார்கள். மீன் குத்தகைக்காரர் அழகுராஜாவின் படகு அது. ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் நல்ல பிள்ளையாக ஓடும். ஒரு கூப்பிடு தூரம் போனதும் பஸ்ஸர் கீயென்று கத்தும், சிவப்பு விளக்கு எரியும், எஞ்சின் தானாக நின்றுபோகும். பிறகு துடுப்புப் போட்டுக் கரைக்குத் திரும்ப வேண்டியதுதான். விடிந்ததிலிருந்து இதே கூத்து.

முந்தின நாள் மத்தியானம் அணையில் குளிக்க இறங்கிய சிவபாண்டி கரையேறவில்லை. பட்டாளத்தில் இருப்பவன், லீவில் கான்சாபுரம் வந்திருந்தான். சட்டையும் செல்போனும் பாறைமேல் வைத்தபடி இருந்தன. தீயணைப்புக்காரர்கள் ரப்பர் படகில் கரையோரம் முழுக்கத் துழாவிவிட்டார்கள். இனி மிச்சம் மதகுப் பக்கத்து ஆழம். மேல்காற்று தண்ணீரைப் புரட்டிக்கொண்டிருந்தது. அதில் கொக்கி கொக்கியான பாதாளக்கரண்டியைக் கயிற்றில் கட்டி இழுத்துப் பார்க்க எஞ்சின் படகுதான் தோது.

அந்தக் கூட்டத்தில் எஞ்சின் தெரிந்தவன் வேல்பாண்டி ஒருவன்தான். ராஜபாளையத்தில் டீசல் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். ஆனால் அவன் ரிப்பேர் பார்க்க வந்தவன் இல்லை. சிவபாண்டியின் மனைவி காளீஸ்வரி அவனுடைய உடன்பிறந்த தங்கச்சி.

“ஏலே வேல்பாண்டி, அந்த சென்சார் வயரைப் பிடுங்கி விட்டுட்டு ஓட்ட வேண்டியதுதான?” என்றார் சேதுபதி. சிவபாண்டிக்குச் சித்தப்பா. அவரும் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்தான். எதைச் சொன்னாலும் உத்தரவு போடுகிற மாதிரியே வரும்.

“பிடுங்குனா ஓடும் மாமா. நெசமாவே ஆயில் பிரஷர் இல்லேன்னு வைங்க, நடுத் தண்ணியில எஞ்சின் இறுகிப் பிடிச்சுக்கிரும். காத்து வேற இப்படி அடிக்கி. உள்ள இருக்கவுகளுக்கு யாரு பதில் சொல்றது?”

“பட்டாளத்துல இப்படி ஸ்க்ரூ ஸ்க்ரூவாப் பாத்துக்கிட்டு இருந்தோம்னா, எதிரி வந்து டீ குடிச்சிட்டுப் போயிருவான்.”

“அவரு பாக்கட்டும் சார்,” என்றார் அழகுராஜா. “எம் படகுக்கு ஏற்கெனவே நெஞ்சு வலி. அவசரப்பட்டா அதுவும் போய்ச் சேந்துரும்.” சொல்லி முடித்த பிறகுதான் எங்கே நின்று பேசுகிறோம் என்று உறைத்தது போல. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டார்.

வேல்பாண்டி படகுக்குள் இறங்கினான். எந்த எஞ்சினானாலும் அவனுக்கு ஒரே வரிசைதான். முதலில் ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தான். அளவு சரியாக இருந்தது. ஒரு சொட்டை விரலில் தேய்த்து மோந்தான். டீசல் கலந்த வாடை இல்லை. பில்டரைச் சுற்றிக் கசிவு இல்லை. வயரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கைக்குள் விட்டு உருவினான். உரசல் இல்லை, அறுப்பு இல்லை. கடைசியாகத்தான் சென்சார் தலையில் மாட்டியிருந்த கனெக்டரைக் கழற்றினான். உள்ளே ஆயில் ஊறியிருந்தது.

அவ்வளவுதான் விஷயம். சென்சாரின் உள்தகடு கிழிந்து ஆயில் மேலே ஏறிவிட்டது. அந்தச் சிவப்பு விளக்கு சும்மா பூச்சி காட்டிக்கொண்டிருக்கிறது. ஒர்க்‌ஷாப்பாக இருந்தால், “சென்சார் அவுட்டு, வேற மாட்டிக்கங்க” என்று சொல்லிவிட்டு அந்த நிமிஷமே டீக்கடைக்குப் போயிருப்பான். இங்கே, கனெக்டரை மறுபடி அழுத்தி மாட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான்.

“பிரஷர் கேஜ் வச்சுப் பாத்தாத்தான் சொல்ல முடியும். கேஜ் கடையில கெடக்கு. அங்க இருக்க இருளப்பசாமியைக் கொண்டுவரச் சொல்லுதேன்.”

“ராஜபாளையத்துல இருந்தா?” சேதுபதி முகத்தைச் சுளித்தார். “ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்புன்னு சுத்தி அவன் வந்து சேர மத்தியானம் ஆயிரும்லே.”

“ஆகட்டும் மாமா.”

ஆகட்டும் என்பதுதான் அவன் நினைப்பும். கிழக்கு வெளுக்கும்போதே இரண்டு பேர் எதிர்க்கரைக் காட்டுக்குள் போயிருந்தார்கள். சிவபாண்டி நீச்சலில் கெட்டிக்காரன். காற்று தள்ளிக்கொண்டுபோய் அக்கரையில் ஏற்றியிருக்கும். வழி தெரியாமல் மலையோரமாகவே நடந்து அய்யனார் கோவில் பக்கம் இறங்கியிருப்பான் என்று யாரோ கிளப்பிவிட்ட பேச்சு. போனவர்களுக்குப் போன் போகவில்லை. மலைக்குள் சிக்னல் கிடையாது. வேல்பாண்டி இதைக் கால்வாசிகூட நம்பவில்லை. ஆனாலும் படகு மதகுப் பக்கம் போகாத வரைக்கும் அந்தக் கால்வாசியை யாரும் அவன் கையிலிருந்து பிடுங்க முடியாது. மருத மரத்தடியில் காளீஸ்வரி உட்கார்ந்திருந்தாள். நேற்று வைத்த பிச்சிப்பூ வாடி, இன்னும் தலையிலேயே இருந்தது. சுற்றியிருந்த பெண்கள் அதைப் பார்ப்பதும், பார்வையைத் திருப்பிக்கொள்வதுமாக இருந்தார்கள்.

சேதுபதி செத்த நேரம் கழித்து வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இந்தத் தடவை உத்தரவு இல்லை, குரல் தணிந்திருந்தது.

“தப்பா நினைக்காத. பொறந்த எடத்துக் கோடி உன் கையாலதான் வரணும். ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாத்தான இருளப்பசாமி வாரான்? அப்படியே ஒரு சேலையை எடுத்துட்டு வரச் சொல்லிரு. பொறவு அந்நேரத்துல ஓட முடியாது.”

புருஷனை இழந்தவளுக்கு அண்ணன் தம்பி கொண்டுவந்து போர்த்துகிற சேலை அது. வேல்பாண்டி, கையிலிருந்த ஸ்பேனரைச் சாக்கில் வைத்தான், எடுத்தான், வைத்தான்.

“இன்னும் ஒண்ணும் தெரியலையே மாமா.”

“தெரியலதான்,” என்று சொல்லி எழுந்து போனார்.

சேலைக்கு அவன் போன் போடவில்லை. இருளப்பசாமி கேஜை மட்டும் கொண்டுவந்தான். ஒர்க்‌ஷாப்பில் கூட்டாளி, வாய் ஓயாமல் பேசுகிறவன். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் படகில் இறங்கினான். சென்சாரைக் கழற்றி, அந்த ஓட்டையில் கேஜை முறுக்கி, எஞ்சினை ஸ்டார்ட் செய்தார்கள். முள் விறுட்டென்று ஏறி, இருக்க வேண்டிய இடத்தில் நின்றது.

சூடு ஏறட்டும் என்று காத்திருந்தான் வேல்பாண்டி. சூட்டில் ஆயில் இளகும். தேய்ந்த எஞ்சின் என்றால் அப்போது முள் சரியும். விழு, விழு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே அதைப் பார்த்தான். ஒர்க்‌ஷாப் வைத்த நாளிலிருந்து எத்தனையோ எஞ்சினுக்கு உயிர் வரணும் என்று சாமி கும்பிட்டிருக்கிறான். ஒரு எஞ்சின் செத்துப்போகட்டும் என்று வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான். எஞ்சின் கொதித்தது. முள் லேசாக இறங்கி, நல்ல அளவிலேயே நின்றுகொண்டது.

“என்னலே காட்டுது?” கரையிலிருந்து சேதுபதி கேட்டார்.

எஞ்சினை நிறுத்தினான் வேல்பாண்டி. “கம்மியாத்தான் காட்டுது மாமா. தாங்காது.”

இருளப்பசாமி அவன் முகத்தைப் பார்த்தான். கேஜைப் பார்த்தான். பிறகு குனிந்து, சிந்தாத ஆயிலைத் துணியால் துடைக்க ஆரம்பித்தான்.

கூட்டம் சலசலத்தது. விருதுநகரிலிருந்து வேறு படகு வரவழைக்கலாம், நாளைக்கு வந்துவிடும் என்று யாரோ சொன்னார்கள். நாளைக்கு. வேல்பாண்டிக்கு அந்த வார்த்தை போதுமாக இருந்தது. இன்னும் ஒரு ராத்திரி அவள் சிவபாண்டி பெண்டாட்டியாகவே இருக்கலாம்.

காளீஸ்வரி எழுந்து வருவதை அவன் கவனிக்கவில்லை. முழங்கால் தண்ணீரில் சேலை நனைய வந்து படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“எஞ்சின் போச்சாண்ணே?”

“ஏட்டி, நீ எதுக்கு இங்க வார? போய் உக்காரு.”

“போச்சான்னு கேக்கேன்.”

அவன் ஸ்பேனரை எடுத்துத் துணியில் துடைத்தான்.

“காஷ்மீர்ல இருக்கையில எப்பப் போன் பண்ணாலும் குளிருது குளிருதுன்னுதான் சொல்லுவாவ. சாக்ஸ் போட்டுத் தூங்குங்கன்னு நான் சத்தம் போடுவேன்.” அவள் அழவில்லை. வீட்டுச் சங்கதி பேசுகிற குரல்தான். “ராத்திரி பூரா அந்தத் தண்ணிக்குள்ளயே கெடந்திருக்காவ. எம்புட்டுக் குளுந்திருக்கும். இன்னொரு ராத்திரியும் போட்டுறாதண்ணே.”

மரத்தடியில் இத்தனை நேரமும் அவள் எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றுதான் அவன் நினைத்திருந்தான். அவள் மதகைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவன் சென்சார் வயரின் முனையை மடக்கி இன்சுலேசன் டேப்பைச் சுற்றினான். கேஜை அதே இடத்தில் விட்டுவைத்தான். அதைக் கழற்றினால் ஆயில் பீறிட்டுவிடும். பிறகு கரையைப் பார்த்துச் சொன்னான்: “ஓடும் மாமா. இனி தானா நிக்காது.”

கம்மியாகக் காட்டியது எப்படிச் சரியாயிற்று என்று சேதுபதி கேட்கவில்லை. கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். பிறகு, “ஏறுங்கப்பா,” என்றார் மற்றவர்களிடம்.

வேல்பாண்டி இறங்கிக்கொண்டான். எஞ்சினைப் பார்த்துக்கொள்ள இருளப்பசாமி போனான். படகு கூப்பிடு தூரத்தைத் தாண்டியது. பஸ்ஸர் கத்தவில்லை. மதகுப் பக்கம் போய், கயிற்றை இறக்கி, மெதுவாகக் குறுக்கும் நெடுக்கும் போய்வந்தது. எஞ்சின் சத்தம் காற்றில் தேய்வதும் கூடுவதுமாக இருந்தது. அது ஓடிக்கொண்டிருக்கிற வரைக்கும் சரி என்று இருந்தது அவனுக்கு. ஓடட்டும். டீசல் தீரும் வரை ஓடட்டும்.

எஞ்சின் நின்றது.

“பாத்தியா, திரும்ப நின்னுருச்சு,” என்றார் அழகுராஜா. “என்னத்த ரிப்பேர் பாத்தாகளோ.” பக்கத்தில் ஒருவன் ஆமாம் போட்டான். கரை முழுக்க ஒரு சலிப்புச் சத்தம் எழுந்து அடங்கியது.

காளீஸ்வரி தண்ணீரைப் பார்க்கவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்தாள்.

“மறுபடியும் ரிப்பேராண்ணே?”

இருளப்பசாமி கை வைக்காமல் அந்த எஞ்சின் நிற்காது. ஆனாலும் ஆமாம் என்று சொல்லலாம். படகு வந்து சேரும் வரைக்கும் அது தாங்கும்.

“ரிப்பேர் இல்லத்தா,” என்றான் வேல்பாண்டி.