சிவப்பு உருண்டை

சனிக்கிழமை மத்தியானம், கடையில் ஆள் வராத நேரம் பார்த்து பஸ் டிரைவர் தன் இடுப்புப் பட்டையைக் கொண்டுவந்து தையல் மிஷின்மேல் போட்டார். தையல்காரி அவருடைய மனைவி. ஏற்கெனவே ஒரு மூட்டை வேலை கிடந்தது. நாலு பேண்ட்டுக்கு நீளம் குறைக்க வேண்டும், ஒரு கோட்டுக்கு உள்துணி மாற்ற வேண்டும். பத்து கிலோ இளைத்துவிட்ட ஒரு அம்மாள் வேறு, மொத்த அலமாரியையும் தூக்கி வந்து கொட்டிவிட்டுப் போயிருந்தாள். ஆனால் புருஷன் வேலைக்கு வரிசை ஏது? கையிலிருந்ததை ஒதுக்கிவிட்டுப் பட்டையைப் புரட்டிப் பார்த்தாள்.

"புதுசாங்க?"

"எங்க புதுசு? தண்ணில ஓட்டப் பழைய போர்டு வாங்கினேன்ல, அதோட குடுத்தான். சும்மா சும்மா அவுந்துக்குது. போன வாரம் ரெண்டு தடவ. நான் ஒரு பக்கம், போர்டு ஒரு பக்கம். கூட ஓட்டுற பல் டாக்டர் சிரிச்ச சிரிப்பு இருக்கே, முப்பத்திரண்டும் தெரிஞ்சுது."

பட்டையை மூடுவது ஒரு வெல்க்ரோ மடிப்பு. மடிப்பின் நுனியில் எலுமிச்சங்காய் அளவுக்குச் சிவப்பாக ஓர் உருண்டை. பின்பக்கம் சுருள் சுருளாக ஒரு கயிறு. அதன் மறுமுனை போர்டில் மாட்டியிருக்கும். வெல்க்ரோவில் மணல் ஏறிப் பிடிப்பே இல்லாமல் போயிருந்தது.

"இந்த உருண்டை எதுக்கு?"

"அழகுக்கு வச்சிருப்பான். அத விடு. அவுராம பண்ணிக் குடு, போதும்."

உட்கார்ந்து ஓட்டியே இருபத்திரண்டு வருஷத்தில் அவருக்கு வயிறு முன்னால் வந்து, முட்டி பின்தங்கிப் போயிருந்தது. நடங்கள் என்றார்கள், நடக்கவில்லை. நீந்துங்கள் என்றார்கள், வெட்கப்பட்டார். போர்டு என்கிற பலகைமேல் நின்று துடுப்புப் போடும் இந்த விளையாட்டு மட்டும் எப்படியோ பிடித்துப்போயிற்று. ஆறு மாதம் ஒரு குழுவோடு ஏரியில் ஓட்டினார். அங்கே கயிற்றைக் கணுக்காலில் கட்டுவார்கள். இந்த மாதம் குழு ஆற்றுக்கு மாறியது. மாறுவதற்கு முன்னால் கோச் ஒரு நாள் கரையில் உட்கார வைத்து ஆற்றுக்கென்று தனிப்பாடம் எடுத்தாள். அன்றைக்குப் பார்த்து இவருக்கு டூட்டி. ஏரியில் ஓட்டியவனுக்கு ஆற்றில் என்ன புதுசாகச் சொல்லப்போகிறார்கள் என்று விட்டுவிட்டார். ஆற்றில் கயிறு காலில் கூடாது, இடுப்பில் இருக்க வேண்டும் என்பது வரைக்கும்தான் அவருக்குத் தெரியும். ஏன் என்று கேட்கவில்லை.

அவள் வேலையில் அரைகுறை கிடையாது. பை வார்களுக்குப் போடும் நைலான் நூலைக் கோத்தாள். மடிப்பைப் பட்டையோடு சேர்த்து வைத்து, நாலு பக்கமும் கட்டம் போட்டு, நடுவில் பெருக்கல் குறி அடித்து, அதன்மேலேயே இன்னொரு தடவையும் ஓட்டினாள். "இனிமே ஜென்மத்துக்கும் அவுராது" என்றாள். அவர் காலை உள்ளே விட்டுப் பட்டையை இடுப்புவரை ஏற்றி, பக்கவாட்டு வாரை இறுக்கிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். மாப்பிள்ளை மாதிரிதான் இருக்கீங்க, போங்க, என்று அவள் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளும் கூடப் போனாள். தண்ணீர் என்றால் அவளுக்கு ஆகாது. கரையோரப் பாதையில் நடந்துகொண்டே பார்க்கலாம் என்றார், சரி என்றாள். வீட்டிலிருந்தே பட்டையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார் மனுஷன். இறங்குவதற்கு முன்னால் கோச் ஒவ்வொருவராகப் பார்த்து வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது, குரல் மட்டும் வெண்கலம். இவரிடம் வந்து பட்டையைப் பிடித்து இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்தாள்.

"சூப்பர்ணா, நல்லா டைட்டா இருக்கு."

டிரைவர் திரும்பி மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார். இந்த வயசில் இதெல்லாம் தேவையா என்று அவள் முறைத்தாலும் உள்ளுக்குள் பெருமைதான்.

முதல் வளைவு வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. கோச் முன்னால், பல் டாக்டர் அடுத்து, இவர் கடைசி. வளைவு தாண்டியதும் கரையிலிருந்து ஒரு மரம் சாய்ந்து தண்ணீருக்குள் கிளையை விட்டுக்கொண்டு கிடந்தது. கோச் அதைத் துடுப்பால் காட்டி விலகச் சொல்லிவிட்டுத்தான் போனாள். இவரும் விலகப் பார்த்தார், தண்ணீர் விடவில்லை. பலகை ஒரு கிளைக்கு அந்தப் பக்கம் போயிற்று, இவர் இந்தப் பக்கம் விழுந்தார். நடுவில் கயிறு கிளையில் மாட்டிக்கொண்டது. பலகையை ஆறு தன் போக்கில் இழுத்தது. அது கயிற்றை இழுக்க, கயிறு இவரைக் கிளையோடு சேர்த்துப் பிடித்தது. பின்னாலிருந்து வந்த தண்ணீர் அத்தனையும் அவர் தலைக்கு மேலாக ஏறிப் போயிற்று. லைஃப் ஜாக்கெட் அவரை மேலே தூக்கப் பார்த்தது, கயிறு விடவில்லை. ஒரு தடவை முகம் தெரிந்தது. பிறகு தொப்பி மட்டும் தனியாக மிதந்து போயிற்று.

அவள் பாதையிலேயே நின்றுவிட்டாள்.

ஆறு போகும் பக்கம் சற்றுக் கீழே, ஆழமில்லாத இடத்தில், கோச் கால் ஊன்றி வீசுகயிற்றோடு நின்றாள். அவிழ்த்துக்கொண்டால் மிதந்து வருவார், வந்தால் பிடிக்கலாம் என்பது அவள் கணக்கு. அது சரியான கணக்குதான்.

"உருண்டைய இழுங்கண்ணா! சிவப்பு உருண்டை! இழுங்க, அவுந்துரும்!"

பல் டாக்டரும் சேர்ந்துகொண்டார். "உருண்டை! உருண்டைய இழு!"

அந்த உருண்டை எதற்கென்று தையல்காரிக்கு அப்போதுதான் தெரிந்தது. இடுப்பில் கட்டுவதே கைக்கு எட்டத்தான். ஒரே இழுப்பில் அவிழத்தான் அந்த மடிப்பு. தண்ணீருக்குள் அவர் கை உருண்டையைப் பிடித்து வெட்டி வெட்டி இழுப்பதை அவள் கண்ணால் பார்த்தாள். தான் போட்ட கட்டமும், பெருக்கல் குறியும், அதன்மேல் போட்ட இரண்டாவது ஓட்டமும் ஞாபகத்துக்கு வந்தன. அந்தத் தையலை இந்த உலகத்தில் எந்தக் கையும் பிய்க்க முடியாது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"வராது!" எங்கிருந்து வந்தது என்று தெரியாத குரலில் அலறினாள். "வராதும்மா அது! நான் தச்சுட்டேன்! அறுங்க! கயித்த அறுங்க!"

கோச் ஒரு நொடி அவளைப் பார்த்தாள். என்ன, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீசுகயிற்றைப் பல் டாக்டரிடம் எறிந்துவிட்டுக் கரையேறி ஓடிவந்தாள். சாய்ந்த மரத்தின்மேல் குப்புறப் படுத்து நகர்ந்து போனாள். ஜாக்கெட்டிலிருந்து கத்தியை உருவிக் கையைத் தண்ணீருக்குள் விட்டாள். கயிறு விறைத்து நின்றதால் கத்தி பட்டதும் அறுந்தது. டிரைவர் மரத்தடியிலிருந்து உருண்டு வெளியே வந்து, மல்லாந்து, மிதந்து போனார். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் பல்லைப் பிடுங்கிய அந்தப் புண்ணியவான் கயிற்றைக் குறி தவறாமல் வீசினார். டிரைவர் பிடித்துக்கொண்டார்.

கரையில் உட்கார வைத்தபோது அவர் குடித்ததையெல்லாம் கக்கினார். கக்கி முடித்துவிட்டு முதல் வார்த்தையாக, "கோச்சும்மா, அவள ஒண்ணும் சொல்லாதீங்க. தைக்கச் சொன்னது நான்தான்" என்றார்.

"யாரு சொல்லப் போறா?" கோச் அவர் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். "பாடத்துக்கு வராதவர ஆத்துல இறக்கிவிட்டது யாரு? நான். டைட்டா இருக்கான்னு இழுத்துப் பார்த்தேன்ல, அவுருதான்னு இழுத்துப் பார்த்தேனா? வாய் நிறைய சூப்பர்னு வேற சொன்னேன்." பிறகு தையல்காரி பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க மட்டும் கத்தலேன்னா, நான் இன்னும் அங்கேயே நின்னு, இழுங்க இழுங்கன்னு சொல்லிட்டு இருந்திருப்பேன்."

தையல்காரி அவள் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சேற்றுக் கை, மரப்பட்டை கிழித்து ரத்தம் கசியும் கை. நீ நல்லா இருக்கணும்மா, நூறு வருஷம் நல்லா இருக்கணும் என்று சொன்னதையே சொன்னாள். பல் டாக்டரிடமும் சொன்னாள். அவர் சிரிக்கத் தெரியாதவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். அந்த நிமிஷத்தில் மரத்திடம்கூடச் சொல்லியிருப்பாள், கயிற்றை அறுக்க வாட்டமாக அது கரையைத் தொட்டுக்கொண்டு கிடந்ததற்காக. கோபம், பழி, யார் மேல் தப்பு என்பதெல்லாம் வீட்டுக்குப் போய் வேண்டுமானால் வரட்டும். இப்போது அவர் மூச்சு விடுகிறார். சத்தமாக, மூக்கு ஒழுக, அசிங்கமாக விடுகிறார். அதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

பிறகு கைப்பையைத் துழாவி நூல் வெட்டும் சின்னக் கத்தரியை எடுத்தாள்.

"எந்திரிங்க."

"வீட்டுல போய்..."

"எந்திரிங்கன்னேன்."

அவர் துண்டைப் போர்த்திக்கொண்டு எழுந்து நின்றார். அவள் ஈர மண்ணில் மண்டி போட்டு, பட்டையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, தன் தையலை ஒவ்வொன்றாக வெட்டிப் பிரித்தாள். நனைந்த நூல் லேசில் விடவில்லை. "ஆடாம நில்லுங்க" என்றாள். அவர் அவள் தலைமேல் கையை வைத்துக்கொண்டார்.

கடைசி நூலும் வந்ததும் கோச் கிட்டே வந்து வெல்க்ரோவைத் துடைத்து, மடிப்பை அழுத்தி மூடினாள். "இப்ப இழுத்துப் பாருங்கண்ணா."

அவர் உருண்டையைத் தொட்டார். பிறகு கையை எடுத்துக்கொண்டு, "நீ இழு" என்றார் மனைவியிடம்.

அவள் எழுந்து, காலை அகட்டி ஊன்றி, இரண்டு கையாலும் உருண்டையைப் பற்றினாள். பல்லைக் கடித்துக்கொண்டு, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி இழுத்தாள். அது சும்மா, ஒரு பூவைப் பறிக்கிற மாதிரி வந்துவிட்டது. இழுத்த வேகத்தில் பின்னால் சாய்ந்தவளை அவர்தான் எட்டிப் பிடித்து நிறுத்தினார். துண்டு ஒரு பக்கம், பட்டை ஒரு பக்கம் விழுந்து கிடந்தது. அவர் நெஞ்சு இன்னும் ஜில்லென்று இருந்தது. அவள் அதிலேயே முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

"இன்னொரு தடவக்கா" என்றாள் கோச், மெதுவாக.

டிரைவர் குனிந்து பட்டையை எடுத்து, மணலை உதறி, இடுப்பில் கட்டிக்கொண்டு மறுபடியும் அவள் முன்னால் வந்து நின்றார்.