உறைந்த தண்டு

வெள்ளரி நாற்றின் தண்டை உறைய வைத்துக் கொன்று, உருகிய பின் கவ்வியில் மாட்டி, கீழே ஒரு சின்ன எடையைத் தொங்கவிட்டாள் அவள். அமிலமில்லாத கரைசலில் இருந்தவரை தண்டு அப்படியே நின்றது. அதை வடித்துவிட்டு லேசான அமிலக் கரைசலை ஊற்றினாள். கணினித் திரையில் தண்டின் நீளத்தைக் காட்டிப் படுத்திருந்த கோடு மெல்ல எழுந்து ஏற ஆரம்பித்தது. தண்டு நீண்டுகொண்டிருந்தது.

"கொன்னு போட்டாலும் வளருது பாருங்க" என்றார் ஆய்வகத்தின் பக்கத்து மேஜைக்காரர். "என் மச்சான் மாதிரி. எத்தனை தடவை விரட்டினாலும் சாப்பாட்டு நேரத்துக்குக் கரெக்டா வந்துடுவான்."

அவள் சிரித்தாள். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. அம்மாவுக்கு மூளைச்சாவு என்று டாக்டர் சொன்னதிலிருந்து எல்லாமே அப்படித்தான். பசிக்கவில்லை, சாப்பிட்டாள். அழுகை வரவில்லை, வேலைக்கு வந்துவிட்டாள்.

உயிருள்ள செடியில் இந்த வேலையை ஆக்சின் என்கிற ஹார்மோன் தொடங்கிவைக்கும். அது வந்து சொன்னால் செல்கள் தம் சுவருக்குள் அமிலத்தைச் சுரக்கும், சுவர் நெகிழும், தண்டு நீளும். இங்கே சொல்லவும் ஆளில்லை, கேட்கவும் ஆளில்லை. அமிலத்தை அவள் ஊற்றினாள். எடை இழுத்தது. சுவர் இளகியது. அவ்வளவுதான்.

போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து தம்பி.

"அக்கா, அம்மா கை அசைஞ்சுது! மிஷினை நிறுத்தவே கூடாதுன்னு டாக்டர்கிட்ட சண்டை போட்டுட்டேன். நீ வந்து சொல்லு. நீ சொன்னாதான் கேப்பாங்க."

"அப்ப நீ என்ன பண்ணிட்டிருந்த?"

"இதென்ன கேள்வி? போர்வையைச் சரி பண்ணேன். கையைத் தொட்டேன்."

தொட்டால் அசையலாம், அது முதுகுத்தண்டின் வேலை, மூளைக்கு அதில் பங்கில்லை என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். தம்பியும் அப்போது தலையாட்டிக்கொண்டுதான் நின்றான்.

அவள் போனபோது மிஷின் மூச்சு விட, அம்மாவின் மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தம்பி சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான்.

"படிச்சவ நீ. உயிர் இருக்குல்ல? ஒரு வார்த்தை சொல்லுக்கா."

இருக்கு என்று சொன்னால் இன்று அவன் சாப்பிடுவான். கொஞ்சம் தூங்கக்கூடச் செய்வான்.

"இல்லடா" என்றாள். வேறு யாரோ பேசியதுபோல் கேட்டது. "தொட்டா கை மடங்குது. அம்மா மடக்கல."

"நீ கல்லுக்கா."

அம்மாவின் கையிலிருந்து அவன் தன் கையை எடுக்கவில்லை. அவன் விரலைச் சுற்றி அம்மாவின் விரல்கள் மடங்கியிருந்தன. அவள் கட்டிலின் மறுபக்கம் போனாள். போர்வைக்கு வெளியே விரிந்து கிடந்த அம்மாவின் இன்னொரு உள்ளங்கையில் தன் ஒற்றை விரலை வைத்தாள். வைத்துவிட்டு, எடுக்காமல் நின்றாள்.