ஒன்றுமில்லாத ஊர்கள்

அந்தத் தெருவில் யாரும் ஊர் சுற்றிப் பார்க்கப் போவதில்லை. வசதி இல்லாமல் இல்லை, ஆசை இல்லாமலும் இல்லை. எல்லாம் தெருமுனையில் கடை வைத்திருந்த தையல்காரம்மாவின் கைங்கரியம்.

வீட்டின் முன்னறைதான் கடை. ஜன்னலை ஒட்டி மிஷின், நடுவில் துணி வெட்டுகிற மேசை, சுவரோரக் கம்பியில் தைத்து முடித்த உருப்படிகள். அளவு கொடுக்க வருகிறவர்கள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கும்போது மனதில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவார்கள். லீவுக்கு எங்கே போவதாக இருக்கிறார்கள் என்பதும் அப்படித்தான் வெளியே வரும். வந்த வேகத்தில் அங்கேயே அதற்கு ஒரு முடிவும் கட்டப்பட்டுவிடும்.

டீச்சர் அருவிக்குப் போவதாக இருந்தார். மேலே இருந்து தண்ணீர் விழும், கீழே வழுக்கும், வேறொன்றும் கிடையாதாம் என்று தையல்காரம்மா வாயில் ஊசியைக் கடித்தபடி சொன்னாள். டீச்சர் அந்த லீவில் வீட்டுக்கு வெள்ளையடித்தார். மருந்துக் கடைக்காரர் குடும்பத்தோடு பனிமலைக்குக் கிளம்பினார். ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு கால் மணி நேரம் முன்னால் நின்றால் அதே சுகம்தானாம் என்றதும் அவர் டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிட்டார். எதிர்வீட்டுப் புதுத் தம்பதி கடற்கரை என்று வாயெடுத்தது. உப்புக்காற்றில் ஒரே நாளில் துணியெல்லாம் பிசுபிசுத்துப் போகும் என்று அதற்கும் முடிவு கட்டியாயிற்று.

எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. எப்படி வரும்? அவள் கணவர் நாடு முழுக்க லாரி ஓட்டுகிறவர். வடக்கே பனி, மேற்கே மணல், கிழக்கே மழைக்காடு, தெற்கே கடல். ஒரு மூலையில் பேசுகிற பேச்சு அடுத்த மூலைக்குப் புரியாத அளவுக்குப் பெரிய நாடு. அந்த மூலைகளுக்கெல்லாம் சிமெண்டும் ஆப்பிளும் நாற்காலியும் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிய மனிதர் சொன்னால் அது வேதவாக்குதான்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. அவளாக எதையும் இட்டுக்கட்டவில்லை. லாரிக்காரர் வீடு திரும்பி, குளித்து, டீத் தம்ளரோடு உட்கார்ந்ததும் அவள் கேட்பாள், இந்தத் தடவை போன ஊர் எப்படி என்று. அவரும் தவறாமல் உதட்டைப் பிதுக்குவார். மலையா? ஏற்றம், இறக்கம், பிரேக் சூடு. பாலைவனமா? கண்ணில் மண். அந்தப் பெரிய ஏரியா? குட்டை கொஞ்சம் பெரிதாக இருந்தால் அதுதான். நீ பார்க்காததால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று முடிப்பார்.

கல்யாணமான புதிதில் அவளுக்கு ஆசை இருக்கத்தான் செய்தது. லாரியின் முன்சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊர் ஊராகப் போகவேண்டும் என்று கனவு கண்டிருக்கிறாள். வீட்டு ஆட்களை ஏற்றக்கூடாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அப்புறம் மகள் பிறந்தாள், பள்ளிக்கூடம் வந்தது, தையல் வந்தது. ஆசை இருந்த இடத்தில் அவர் சொன்ன ஏற்றமும் மண்ணும் குட்டையும் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டன. நல்லவேளை, அலைச்சல் மிச்சம் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். அந்த ஆறுதலைத்தான் தெருவுக்கும் பங்கு வைத்தாள்.

வேறு ஊரில் வேலைக்குச் சேர்ந்திருந்த மகள் ஒரு புதன்கிழமை ஃபோன் செய்தாள்.

"நீயும் அப்பாவும் ஒரு வாரம் எங்கயாவது போய்ட்டு வாங்கம்மா. டிக்கெட், ரூம் எல்லாம் நான் பாத்துக்கறேன். எங்கன்னு மட்டும் ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிடு."

இதெல்லாம் எதற்கு, நாட்டில் பார்ப்பதற்கு அப்படி என்ன இருக்கிறது, உன் அப்பாவைக் கேட்டுப் பார் என்று தையல்காரம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். மகள் பிடி கொடுக்கவில்லை.

ஃபோனை வைத்த பிறகுதான் வேடிக்கை. மருந்துக் கடைக்காரரின் சட்டையில் இடக்கையை வலப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள். பிரித்துத் தைத்தாள், மறுபடியும் அதே தப்பு. தொண்டைக்குள் ஏதோ ஒரு பாட்டு வந்துகொண்டே இருந்தது. போகவேண்டும், ஒரே ஒரு தடவையாவது அவரோடு போகவேண்டும். அந்த ஆசை சாகவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

லாரிக்காரர் லீவு சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தார். மறுநாள் காலை டீச்சரிடம் கேட்டு வாங்கிய பள்ளிக்கூட வரைபடத்தை வெட்டு மேசையில் விரித்தார்கள். ஒரு பக்கம் சுருட்டிக்கொண்டதால் அதன்மேல் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்தாள்.

"வடக்க பனிமலைக்குப் போலாமா?" என்று அவர் ஆரம்பித்தார்.

"ஃப்ரிட்ஜ்" என்றாள் அவள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஏரியின் மேல் விரலை வைத்தார். குட்டை என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றாள். பெரிய குட்டைதான், இருந்தாலும் அவ்வளவு மோசமில்லை என்று அவர் இழுத்தார். மழைக்காட்டில் அட்டை ஏறுமாம் என்றாள். யார் சொன்னது என்று வாய்தவறிக் கேட்டுவிட்டு, யார் சொன்னது என்பது நினைவுக்கு வந்து திருதிருவென்று விழித்தார். அவள் குத்திக்காட்டவில்லை, கேலியும் செய்யவில்லை. நல்ல தக்காளி ஒன்றாவது தேறாதா என்று கூடையைக் கிளறுகிறவளைப் போல உண்மையாகவே தேடிக்கொண்டிருந்தாள். அவள் விரல் நாடு முழுக்க நடந்தது. ஒன்றும் தேறவில்லை.

மதியம் நெருங்கும்போது அவள் நிமிர்ந்தாள். "வேண்டாங்க. வீட்லயே இருந்துடலாம். அவகிட்ட நானே சொல்லிடறேன்" என்றாள். சாதாரணமாகச் சொல்லத்தான் நினைத்தாள். விரல்தான் வரைபடத்தை விட்டு வரவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஹாரன் வந்து நின்றான். அதே கம்பெனியில் லாரி ஓட்டுகிறவன். பேசினால் நாலு வீடு தள்ளிக் கேட்கும் என்பதால் வந்த பெயர். புது பேண்ட் ஒன்றைக் கொண்டுவந்திருந்தான், கால் பக்கம் மடித்துத் தைக்கவேண்டும். வரைபடத்தைப் பார்த்ததும் விஷயம் என்னவென்று கேட்டான். எங்கே போவது என்று தெரியாமல்தான் போகவே வேண்டாம் என்று முடிவு செய்தோம் என்று அவள் சொன்னாள்.

"ஏரிக்குப் போங்கண்ணி. இதுல யோசிக்க என்ன இருக்கு? அண்ணன் அந்தப் பக்கம் போனா வண்டிய ஓரங்கட்டாம வந்ததே கிடையாது. பின்னாடி நாங்க கத்து கத்துன்னு கத்துவோம். காதுலயே வாங்காம கரையில போய் உக்காந்துருவாரு."

லாரிக்காரர் கண்ணால் ஜாடை காட்டினார். ஹாரன் வரைபடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பனி கொட்டிய அன்று அண்ணன் ரோட்டில் இறங்கி நாக்கை நீட்டிக்கொண்டு நின்றதைச் சொன்னான். பாலைவனத்தில் சாயங்காலமானால் லாரி மேலேயே ஏறி, சூரியன் முழுக்க இறங்கும் வரை இறங்கமாட்டார் என்றான். லாரிக்காரர் இருமினார். கடைசியில் வேறு வழியில்லாமல் அவன் காலை மிதித்தார்.

"ஏண்ணே மிதிக்கிறீங்க?" என்று ஹாரன் எட்டு வீட்டுக்குக் கேட்கும்படி கேட்டான். அப்புறம் அண்ணியின் முகத்தையும் அண்ணனின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஆளை விட்டால் போதும் என்று பேண்டை மேசையில் போட்டுவிட்டு நடையைக் கட்டினான்.

குட்டு வெளிப்பட்டுவிட்டது. தையல்காரம்மா மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். ஏன் என்று ஒரே வார்த்தைதான் கேட்டாள்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கல்யாணமான முதல் வருஷம், முதன்முதலாக அந்த ஏரியைப் பார்த்துவிட்டு வந்து ஒரு மணி நேரம் அவளிடம் அதைப் பற்றியே பேசினாராம். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாளாம்.

"கதவுக்கு இந்தப் பக்கம் நின்னுட்டிருந்தேன். நீ தேம்பித் தேம்பி அழுத. கூட்டிட்டுப் போகவும் வழியில்ல. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இனிமே எந்த ஊர்லயும் ஒண்ணும் இல்லைன்னு."

அவள் யோசித்தாள். எவ்வளவு யோசித்தும் அப்படி அழுத ஞாபகமே வரவில்லை. அப்போது மகள் வயிற்றில் என்பது மட்டும்தான் நினைவுக்கு வந்தது.

"மாசமா இருந்தப்ப நான் எதுக்குத்தாங்க அழல? பால் பொங்கிப் போனதுக்குக்கூட அழுதேன்."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டிருக்கலாமே."

அவளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. ஒருத்தி ஒரு நாள் அழுதாள் என்று ஒரு நாட்டையே மூடி வைப்பதா? திட்டுவதற்கு நல்ல வார்த்தையாகத் தேடினாள். தேடும்போதே அந்த ஏரிக்கரையில் அவர் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பது கண்ணில் வந்து நின்றது. அத்தனை பெரிய மலைகளையும் தண்ணீரையும் பார்த்து மனம் நிறைந்து வந்து, வாசலில் செருப்போடு சேர்த்து அதையும் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே வந்து உதட்டைப் பிதுக்கியிருக்கிறார். பாவி மனுஷன், எத்தனை முறை. அதற்குப் பிறகு கோபம் தங்கவில்லை. வெள்ளையடித்த டீச்சர் நினைவுக்கு வந்தார். ஃப்ரிட்ஜ் முன்னால் உண்மையாகவே நின்று பார்த்த மருந்துக் கடைக்காரர் நினைவுக்கு வந்தார். அவள் மிஷின்மேல் கவிழ்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். லாரிக்காரர் முதலில் பயந்துபோய், அப்புறம் அசடு வழிந்து, கடைசியில் அவரும் சேர்ந்துகொண்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹாரனின் பேண்டை எடுத்தாள். "இப்பச் சொல்லுங்க. ஒரு ஊரு விடாம சொல்லணும்" என்றாள்.

சொன்னார். அவர் அப்படிப் பேசி அவள் கேட்டு எவ்வளவோ வருஷமாயிருந்தது. விடியும்போது பால் நிறத்தில் இருக்கும் ஏரி உச்சிப்பொழுதில் நீலமாகி, மலைகள் அதில் தலைகீழாக நிற்கும் என்றார். மழைக்காட்டுச் சாலையில் மேகம் லாரியின் ஒரு ஜன்னல் வழியாக உள்ளே வந்து மறு ஜன்னல் வழியாக வெளியே போகும் என்றார். பாலைவனத்தில் எப்போதாவது ஒரு மழை பெய்தால் மறுவாரம் மணல் முழுக்க மஞ்சள் பூ, மிதிக்க மனம் வராமல் டிரைவர்கள் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார்கள் என்றார். சாயங்காலம் வரை நிறுத்தவே இல்லை.

இப்போது வேறு சங்கடம். காலையில் ஒன்றும் தேறவில்லை, இப்போது எதையும் தள்ளமுடியவில்லை. லாரிக்காரர் ஏரிதான் என்று ஒற்றைக்காலில் நின்றார். எந்தக் கல்லில் உட்காரவேண்டும், எந்த நேரத்தில் எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்று எல்லாம் தான் காட்டுவதாகச் சொன்னார். சொல்லும்போதே அவள் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது. அங்கே போனாலும் இவர் ஏரியைப் பார்க்கமாட்டார். இவளுக்குப் பிடித்ததா, முகம் வாடுகிறதா என்று இவளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

"நீங்க பாக்காத இடம்னு ஒண்ணு இருக்கா?" என்று கேட்டாள்.

தொழில் கௌரவத்தில் கைவைத்ததுபோல் அவர் நிமிர்ந்தார். லாரி போகிற ஊரில் தான் பார்க்காதது எதுவும் இல்லை என்றார். அவள் பேண்டைத் தேய்ப்பதற்காக இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். அது இருந்த இடத்தில், கரையை விட்டுத் தள்ளிக் கடலுக்குள் நாலைந்து புள்ளிகள் தெரிந்தன. இது என்ன என்று கேட்டாள். தீவுகள் என்றார். படகுத்துறை வரை எத்தனையோ முறை சரக்குக் கொண்டுபோயிருக்கிறார். அதற்கு மேல் படகு. தன் கையில் ஸ்டீயரிங் இல்லாத எந்த வண்டியிலும் ஏற அவருக்குப் பயம்.

"அங்க என்ன இருக்குன்னு எனக்கே தெரியாதே" என்றார் பரிதாபமாக.

"எனக்கும் தெரியாது. அங்கதான் போறோம்."

கிளம்புவதற்கு முன்னால் தையல்காரம்மா தெருவில் வீடு வீடாகப் போய்த் தான் சொன்னதையெல்லாம் வாபஸ் வாங்கினாள். டீச்சர் வெள்ளையடித்த கூலியைக் கேட்டார். மருந்துக் கடைக்காரர் நேராக உள்ளே போய் டிக்கெட்டுக்கு ஃபோன் போட்டார். அந்த லீவில் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது.

படகில் லாரிக்காரர் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு அலைக்கும் வலது கால் தானாக இல்லாத பிரேக்கை மிதித்தது. தையல்காரம்மா அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தண்ணீர் தெறித்த பையைத் துடைக்கக் குனிந்தாள். படகு ஒரு பாறையைச் சுற்றித் திரும்பியது.

அப்போது அவர் கை பலகையை விட்டது. அவள் முழங்கையைப் பிடித்து உலுக்கினார்.

"ஏய், அங்க பாரு. அங்க பாரு, அங்க பாரு."

படகே திரும்பிப் பார்க்கும்படி சொன்னார். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டதில்லை. நாடு முழுக்கப் போய்வந்த மனிதருக்கு அதைச் சொல்லப் பக்கத்து சீட்டில் ஆள் இருந்ததில்லை. அவள் நிமிர்ந்தாள். கண்ணாடியாகிவிட்ட தண்ணீருக்கடியில் மணல் தெரிந்தது, அதன்மேல் படகின் நிழல் கூடவே வந்துகொண்டிருந்தது. முன்னால் வெள்ளைப் பாறை முழுக்க ஆயிரக்கணக்கில் பறவைகள் ஒரே நேரத்தில் எழும்பின. அவள் வாய் திறந்தபடி பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவரும் வாய் திறந்தபடி பறவைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பக்கமும் பாருங்க" என்று அவள் அவர் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.