தலைமுடி அளவு காற்று

உலு திராமில் காற்றின் விலை ஆயிரத்து எண்ணூறு ரிங்கிட். அதுவும் ஒரு தலைமுடி கனத்துக்கு. ராஜசேகரன் அதை ஆயிரத்து நூறுக்கு, மதியச் சாப்பாட்டோடு சேர்த்துப் பேசி முடித்தார்.

அந்தக் கட்டணத்துக்குக் காற்றை விளக்க வந்தவள் வலேரி, வார்ப்பட இன்ஜினியர். ராஜசேகரனின் பட்டறையில் பம்புக்கான அலுமினிய வளையங்கள் வார்க்கிறார்கள். உருக்கிய அலுமினியத்தை இரும்பு அச்சுக்குள் ஊற்றி, கெட்டியானதும் திறந்து எடுப்பதுதான் தொழில். சிங்கப்பூரிலிருந்து வாங்கும் கால்வின், போன மாதச் சரக்கை அப்படியே திருப்பி அனுப்பியிருந்தான். அறுத்துப் பார்த்தால் உள்ளே ஓட்டை ஓட்டையாம். வெள்ளிக்கிழமை அவனே வருவான்; கண்ணெதிரே ஒரு வளையம் நல்லபடியாக வராவிட்டால் ஆர்டர் பாத்தாம் தீவிலிருக்கும் வேறு பட்டறைக்குப் போய்விடும். பட்டறையில் சோறு போடுவதே அந்த ஒரு ஆர்டர்தான்.

வலேரி அச்சைச் சுற்றிவந்து சொன்னாள்: "அங்கிள், அலுமினியம் ஆறும்போது சுருங்குது. அச்சுச் சுவத்த விட்டு விலகுது. அந்தத் தலமுடி அளவு சந்துல காத்து பூந்துக்குது. காத்து லேசுல சூட்டக் கடத்தாது லா. நீங்க அறுபது விநாடியில திறந்தா உள்ள இன்னும் கஞ்சியாத்தான் இருக்கும். தொண்ணூறு விடுங்க."

ராஜசேகரன் வாழ்க்கையில் யாரும் கடைசி விலையை முதலிலேயே சொன்னதில்லை. அப்பா பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் துணி விரித்தவர். மகன் இவரோ பெக்கான் நானாஸ் சாலையோரத்தில் ஒரு அன்னாசி வாங்குவதற்குள் மூன்று முறை காரை ஸ்டார்ட் செய்து புறப்படுவதுபோலக் காட்டுவார். தொண்ணூறு என்கிறாளே, அதில் பேரத்துக்காக ஏற்றி வைத்தது எவ்வளவு?

"அறுபத்தஞ்சு வை மா."

"இது என் விலை இல்ல அங்கிள்."

"சரி, உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம். எழுபத்தஞ்சு."

எழுபத்தைந்தில் திறந்தார்கள். உலைக்கார மணியம் அறுத்துக் காட்டினான். உள்ளே தேன்கூடு. வலேரி அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், காரில் ஏறிப் போய்விட்டாள்.

அந்தத் துண்டை மேசைமேல் வைத்துக்கொண்டு ராஜசேகரன் ஓட்டைகளை எண்ணிப் பார்த்தார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். வெள்ளிக்கிழமை அந்தப் பெண் திரும்பி வந்து எந்த எண்ணைச் சொன்னாலும் வாயைத் திறப்பதில்லை. இதுவரை யாருக்கும் செய்யாத மரியாதை அது.

வெள்ளிக்கிழமை, எல்லைப் பாலத்திலிருந்து கெலாங் பாத்தாவரை நீண்ட வாகன வரிசையைத் திட்டிக்கொண்டே கால்வின் வந்து நின்றான். மணியம் உலோகத்தை ஊற்றினான்.

"எத்தனை விநாடி?" என்றார் ராஜசேகரன்.

"நூத்தம்பது" என்றாள் வலேரி, கண்ணிமைக்காமல்.

"சரி."

"சரியா?"

"சரின்னுதானே சொன்னேன்."

"அங்கிள், கொஞ்சம் யோசிச்சுப் பாருங்களேன். நூத்தம்பது உங்களுக்கு ஜாஸ்தியாத் தெரியலையா?"

"நீ படிச்சவ. நீ சொன்னா அதான்."

அவள் முகம் வெளுத்தது. ஓரக்கண்ணால் கால்வினைப் பார்த்தாள். ஆளைச் சோதிக்கிறாள் என்று ராஜசேகரனுக்குப் புரிந்தது, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். கடிகாரம் தொண்ணூறைத் தொட்டதும் அவள் கத்தினாள்: "மணியண்ணே, எடுங்க!"

"தொடாதடா!" என்று இடையில் போய் நின்றார் ராஜசேகரன். "இன்னைக்கு ஒரு விநாடிகூடக் குறைக்க விடமாட்டேன்!"

நூற்றைம்பதில் திறந்தார்கள். வெளி அச்சு வாயைப் பிளந்தது. வளையத்தின் துளைக்காக நடுவே நின்ற இரும்புக் கோர் மட்டும் வளையத்தை விடவில்லை. மணியம் தட்டினான், நெம்பினான், பெரிய சுத்தியலை எடுத்தான். கோர் விரிசல் விட்டது, வளையம் அசையவில்லை.

"அலமாக்" என்று தலையில் கைவைத்தான் கால்வின்.

"சுருங்குறப்ப வெளிச் சுவத்த விட்டு விலகும்" என்றாள் வலேரி தரையைப் பார்த்தபடி. "நடுவுல இருக்குற கோரை மட்டும் கட்டிப் புடிச்சுக்கும். நேரம் ஆக ஆக இறுக்கும்."

வெளியே விலகிவிட்டு உள்ளே ஒட்டிக்கொள்வது கட்சிக்காரர்களின் வேலை என்று ராஜசேகரன் இதுநாள்வரை நினைத்திருந்தார்.

"அப்புறம் எதுக்கும்மா நூத்தம்பதுன்னு சொன்ன?"

"நீங்க குறைப்பீங்கன்னுதான். எங்கம்மா துணி யாவாரம் அங்கிள். தொண்ணூறுக்கு வரணும்னா நூத்தம்பதுல ஆரம்பிக்கணும்னு கணக்குப் போட்டேன்."

"என்கிட்டயே பொய்யா?"

"உண்மையத்தான் மொதல்ல சொன்னேன். நீங்க வாங்கலையே!"

கால்வின் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தான். பிறகு வளையத்தைக் கோரோடு சேர்த்து அறுக்கச் சொன்னான். உள்ளே ஒரு ஊசிமுனை ஓட்டைகூட இல்லை.

"துண்டு சுத்தம். ஆனா கோரையும் சேத்து நான் வாங்க முடியாது பாருங்க. தொண்ணூறுல ஒண்ணு போடுங்க."

இருந்த ஒரே மாற்றுக் கோரை மாட்டி, தொண்ணூறில் திறந்தார்கள். வளையம் கைக்கு வந்தது. அறுத்தார்கள், அதுவும் சுத்தம்.

"ஆர்டர் உங்களுக்குத்தான் மிஸ்டர் ராஜா. வெல பழைய வெலதான். அறுபது விநாடின்னு கணக்குப் போட்டுத்தானே கொடுத்தீங்க?"

ராஜசேகரன் வாயைத் திறந்தார். வலேரி அவரைப் பார்த்தாள். மூடிக்கொண்டார்.

ஆக, வரவு: ஒரு ஆர்டர். செலவு: ஒரு கோர், அறுத்துப் பார்த்த இரண்டு நல்ல வளையம். பாக்கி: இனி வார்க்கும் ஒவ்வொரு வளையத்துக்கும் கூடுதலாக முப்பது விநாடி, ராஜசேகரன் பேரில்.