சிக்னலில் கண்ணைப் பறிக்கும் துணி

எழுநூற்று இருபது பெசோ. கியாப்போ தடத்தில் ஜீப்னி என்னும் ஷேர் வண்டி ஓட்டும் தெம்யோ, பெலெனுக்குத் தர வேண்டிய பாக்கி அவ்வளவு. பன்னிரண்டு பெசோ வீதம் அறுபது துடைப்புத் துணிகளை, மற்ற ஓட்டுநர்களிடம் விற்றுத் தருவதாக வாங்கிப் போயிருந்தார். தையல் கம்பெனி கழித்துப்போடும் பனியன் துணியைப் பட்டை பட்டையாக நறுக்கி, மரச்சட்டத்தில் வட்டமாகப் பின்னுவது பெலெனின் பிழைப்பு. விடிந்தால் கழிவுத்துணி மூட்டைக்காரன் சந்துக்கு வந்துவிடுவான். கையில் காசு இல்லையென்றால் மூட்டை எதிர்வீட்டில் பின்னுகிறவளுக்குப் போகும். மரச்சட்டம் ஒரு வாரம் சும்மா கிடக்கும்.

வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் இடத்தில் அவரைப் பிடித்தாள். மரியாதைக்கு அவள் ‘மாங்’ என்பாள், அவர் ‘ஆலிங்’ என்பார்.

“மாங் தெம்யோ, ஒளியாதீங்க. மூட்டைக்காரன் நாளைக்கு வர்றான்.”

“நான் எங்க ஒளிஞ்சேன், ஆலிங் பெலென்? உங்க சரக்குதான் என் சீட்டுக்கடியில ஒளிஞ்சிருக்கு. ஏறிப் பாருங்க.”

விற்றதெல்லாம் திரும்பி வந்து மூட்டையாகக் கிடந்தது. சிவப்பும் மஞ்சளும் இன்னும் கண்ணைப் பறித்தன. அவர் முன்கண்ணாடியில் தண்ணீர் ஊற்றி ஒன்றால் துடைத்துக் காட்டினார். தண்ணீர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிற்று. துணி ஒரு சொட்டும் குடிக்கவில்லை.

“மூஞ்சியத் துடைச்சா வேர்வை காது வரைக்கும் போகுது. ‘பவுடர் பூசுறவரு வந்துட்டாரு’ன்னு ஸ்டாண்டே சிரிக்குது. எல்லாருக்கும் காசத் திருப்பிக் குடுத்துட்டேன்.”

“கலர் நல்லாருக்குன்னு அள்ளிட்டுப் போனது யாரு?”

“கலர் நல்லாத்தான் இருக்கு.”

பெலென் மூட்டையிலிருந்து ஒன்றை எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். பளிச்சென்ற துண்டெல்லாம் பாலியஸ்டர் என்று பொறுக்கும்போதே விரலுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் வெளுத்த பருத்தித் துணியை சிக்னலில் நிற்கும் வண்டிகளுக்கு நீட்டினால், பச்சை விழுவதற்குள் ஒருவனும் திரும்பிப் பார்ப்பதில்லை.

தெம்யோவின் தோளில் கிரீஸ் ஏறிக் கறுத்த துணி ஒன்று கிடந்தது. போன வருஷம் அவள் பின்னிய பருத்தி.

“இத மாதிரி கொண்டாங்க. கையில காசு.”

“எத்தனை வாங்குவீங்க?”

“எனக்கு எதுக்கு? இதுவே இன்னும் கிழியலையே.”

“நல்லதாக் குடுத்தா ஒண்ணோட முடிஞ்சுபோகுது. மட்டமாக் குடுத்தா அறுபதும் திரும்பி வருது. நான் என்னத்தத்தான் விக்கிறது?”

வண்டி நிரம்பிக்கொண்டிருந்தது. “கணக்க என்ன செய்ய, சொல்லுங்க,” என்றார்.

“என்ன செய்ய. எழுநூத்தி இருபதும் இல்லன்னு விடுங்க. தீர்ந்துச்சு.”

வீட்டுக்குப் போகும் வழிதான் என்பதால் மூட்டையோடு அதே வண்டியில் பின்னால் ஏறினாள். மூட்டை ஓர் ஆள் இடத்தை அடைத்தது. பக்கத்திலிருந்தவள் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு முணுமுணுத்தாள். பெலென் பையைத் துழாவி, இரண்டு பேர் கட்டணத்தை எடுத்து முன்னால் இருந்தவனிடம் நீட்டினாள். காசு கை மாறிக் கை மாறி ஓட்டுநரிடம் போயிற்று. தெம்யோ திரும்பிப் பார்க்காமல், தோள் துணியில் கையைத் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார்.