முதலில் ஹைஃபாங்

திருமுடிவாக்கத்தில் ஜெயவேலுவின் பட்டறைக்குப் புது மெஷின் வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. அடித்தளம் காய்ந்துவிட்டது. மின் இணைப்பும் கொடுத்தாயிற்று. மேலே போர்த்திய நீலத் தார்ப்பாயை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

"இன்னிக்கு ஒரு பீஸ் ஓட்டிப் பாத்துடலாமா அண்ணா?" என்றாள் ஜீவிதா.

"ஆவணி பொறக்கட்டும்மா."

அவள் ஹெல்மெட்டை மேசைமேல் வைத்தாள்.

"ஆவணியா? திங்கக்கிழமை டைரக்டர் வில்லெம் வராரு. தேதி சொன்னேனே. பண்ணிடலாம்னீங்களே."

"பண்ணிடலாம்னு சொன்னேன். ஆடில பண்ணிடலாம்னா சொன்னேன்? புது மெஷின். பூஜை போடாம எப்டி ஸ்விட்ச் போடறது? ஆடில எவன் பூஜை போடுவான்?"

"அப்பவே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நீ கோச்சுக்குவியேன்னுதான்."

ஜெயவேலு பொய் சொல்கிறவர் அல்ல. முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லாதவர், அவ்வளவுதான். அந்தப் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். ஒன்பது வருடமாக அவர்களோடு வேலை செய்கிற ஜீவிதாவுக்கு அது தெரியும். தெரிந்தும் கேட்காமல் விட்டுவிட்டாள். அனகாபுத்தூரில் அவள் வீட்டுச் சுவரில் தொங்குவது சர்ச்சில் கொடுத்த காலண்டர். ஆடி என்றால் அவளுக்குத் துணிக்கடைத் தள்ளுபடியும் தெருமுனை அம்மன் கோயில் ஸ்பீக்கரும்தான். மெஷின் வந்து இறங்கியதைப் பார்த்தாள், தயார் என்று நெதர்லாந்துக்கு எழுதிவிட்டாள்.

அவள் வேலை பார்ப்பது பசுமைக்குடில்களுக்குத் தண்ணீர் வால்வு செய்யும் டச்சு நிறுவனத்துக்கு. ஐரோப்பாவில் செய்ததை இனி ஆசியாவில் செய்யப்போகிறார்கள். சென்னையைச் சுற்றியும் வியட்நாமில் ஹைஃபாங்கிலும் சின்னச் சின்ன ஆலைகளைப் பிடித்திருந்தார்கள். எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஹைஃபாங்கில் ஒரு மேலாளர் வேண்டும். அந்தப் பதவிக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் கோலாலம்பூர்க்காரர், எம்.பி.ஏ. முடித்தவர். இன்னொருத்தி ஜீவிதா. டிப்ளமோ படித்துவிட்டு, வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் பி.இ. வாங்கியவள். புது மெஷினில் வால்வு ஓடுவதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக இயக்குநர் வில்லெம் எழுதியிருந்தார்.

நிறுவனத்தின் தாம்பரம் அலுவலகத்தில் சுப்ரமணியன் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். அவளுடைய மேலதிகாரி அவர்.

"இதுக்குப் போய் மூஞ்சிய இப்படி வெச்சிருக்க? பழைய மெஷின்ல பத்து பீஸ் அடிக்கச் சொல்லு. புதுசு பக்கத்துல அடுக்கி வை. மெஷின் சர்வீஸ்ல இருக்குன்னு சொல்லிடலாம். அவருக்கு எங்க தெரியப்போகுது?"

"வேணாம் சார்."

"ஏன், பாவமா?"

"அந்த வேலை கெடச்சா நாளைக்கு எனக்கும் இப்படித்தான் அடுக்கி வெப்பாங்க. அப்ப நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கறது?"

"மொதல்ல வேலை கெடைக்கட்டும்மா," என்றார் அவர்.

மறுநாள் காலை மறுபடியும் பட்டறைக்குப் போனாள். ஜெயவேலு டீ வாங்கிவரச் சொன்னார். அவர் மனைவி கீதா கம்ப்யூட்டரில் பில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆடிப்பெருக்கு அன்னிக்கு ஓட்டலாம் இல்ல அண்ணா?"

"அது தங்கம் வாங்கற நாள்மா. மெஷின் ஓட்டறதா?"

"தங்கம் வாங்கினா ஆகும், மெஷின் ஓட்டினா ஆகாதா?" என்றாள் கீதா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "போன வருசம் வளையல் கேட்டப்போ அன்னிக்கும் ஆகாதுன்னீங்க."

"நீ சும்மா இருக்கியா."

ஜீவிதா டீயைக் கீழே வைத்தாள். இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் வரும் வழியெல்லாம் நினைத்திருந்தாள்.

"இந்தப் பட்டறை இருக்கற எடம் உங்க அப்பா வயலு. சம்பாவுக்கு எங்க தாத்தாதான் இங்க விதை விட்டாரு. ஆடிலதான் விட்டாரு அண்ணா. ஆவணி பொறக்கட்டும்னு உங்க அப்பா ஒரு வருசமும் சொல்லல."

கீதா திரும்பிப் பார்த்தாள். ஜெயவேலு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். கூலிக்கு வந்தவர்களைப் பற்றிய பேச்சை ஜெயவேலு வீட்டில் யாரும் எடுப்பதில்லை. அவளும் இதுவரை எடுத்ததில்லை.

"பெருக்கன்னிக்கு ஓட்டறேன்," என்றார் கடைசியில். "அதுக்கு முன்னாடி ஒரு நாள்கூட முடியாது. இது கோச்சுக்காம கேட்டுக்கோ."

"முடியாதுன்னு சொன்னீங்க பாருங்க, அது போதும்."

ஆடிப்பெருக்கு என்றால் வில்லெம் வரும் திங்களுக்கு அடுத்த திங்கட்கிழமை. வில்லெம் முதலில் சென்னை வந்து, அங்கிருந்து ஹைஃபாங் போவதாக இருந்தது. வெறுமனே தேதி தள்ளச் சொன்னால் என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும். ஸ்கூட்டரை எடுக்காமல் பட்டறை வாசலிலேயே நின்று யோசித்தாள். பிறகு ஹைஃபாங்கில் இருக்கும் லின்னைக் கூப்பிட்டாள். அங்கே ஒரு ஆலையில் உற்பத்தியைப் பார்க்கிறவள் லின். வாரம் ஒருமுறை திரையில் பேசிப் பழக்கம்.

புது வேலை தொடங்காத மாதம் என்று உங்கள் ஊரில் ஏதாவது உண்டா என்று ஜீவிதா கேட்டாள்.

லின் சிரித்தாள். உண்டு என்றாள். அவர்கள் கணக்கில் ஏழாம் மாதம். செத்தவர்கள் ஊருக்குள் அலையும் மாதம். அதில் ஆலை முதலாளி எதையும் திறக்கமாட்டார். அது பிறக்க இன்னும் இரண்டரை வாரம் இருக்கிறது.

"உங்கள் புது மெஷின் தொடங்கும் தேதி அந்த மாதத்தில்தானே வருகிறது?"

"ஆமாம்."

"வில்லெமுக்குத் தெரியுமா?"

"யாரும் கேட்கவில்லை. முதலாளியும் சொல்லவில்லை."

மெஷின் தயாரா என்று ஜீவிதா கேட்டாள். ஒருமுறை ஏமாந்தது போதும் என்று, தயார் என்றால் என்னவென்றும் கேட்டாள். ஆள், கருவி, பித்தளை, பூஜை எல்லாவற்றையும் தனித்தனியாகக் கேட்டாள். எல்லாம் இருந்தது. வருகிற திங்களன்றே தொடங்கச் சொன்னால் முதலாளி சந்தோஷப்படுவார் என்றாள் லின்.

மதியம் வில்லெமைத் திரையில் பிடித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுப்ரமணியன் நாற்காலியை ஓரமாகத் தள்ளிக்கொண்டார். திரையில் தெரியாத அளவுக்கு.

"மெஷின் தயார் என்று எழுதியிருந்தீர்கள்," என்றார் வில்லெம்.

"எழுதினேன். தப்பு என்னுடையது. மெஷின் வந்துவிட்டதைப் பார்த்தேன். எப்போது தொடங்குவார்கள் என்று கேட்கவில்லை."

காரணத்தைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு மாதத்துக்காக ஒரு மெஷின் நிற்கிறது என்கிறீர்கள்."

"நிற்கிறது. நம்பிக்கையை மாற்றச் சொல்லி நான் வரவில்லை. உங்கள் பயணத்தை மாற்றச் சொல்கிறேன். முதலில் ஹைஃபாங் போங்கள். பிறகு இங்கே வாருங்கள்."

ஹைஃபாங் விஷயத்தையும் சொன்னாள். லின் பெயரை மட்டும் சொல்லவில்லை.

"கோலாலம்பூரிலிருந்து இந்த மாதிரி எதுவும் எனக்கு வரவில்லை," என்றார் வில்லெம்.

"அவர் கேட்டுப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது."

"நீங்கள் எப்போது கேட்டீர்கள்?"

"இன்று காலை. மாட்டிக்கொண்ட பிறகு."

யோசித்துச் சொல்கிறேன் என்று அவர் திரையை அணைத்தார். சுப்ரமணியன் நாற்காலியைப் பழைய இடத்துக்கு இழுத்தார்.

"முடிஞ்சுது போ. தானா போய்த் தலையைக் கொடுத்த."

டிக்கெட்டை மாற்றிவிட்டதாக மறுநாள் வில்லெமின் செயலாளர் எழுதினார். ஒரே வரி. பதவியைப் பற்றி ஒன்றுமில்லை.

ஆடிப்பெருக்கன்று தார்ப்பாய் இறங்கியது. மெஷினுக்கு மஞ்சள், குங்குமம், மாலை. கீதா கையில் புது வளையல். ஹைஃபாங்கிலிருந்து நேராக வந்திருந்த வில்லெம் ஓரமாக நின்று கற்பூரம் அணையும்வரை காத்திருந்தார். ஜெயவேலு ஸ்விட்சைப் போட்டார்.

முதல் இரண்டு வால்வும் அளவில் நிற்கவில்லை. துளையைச் சோதிக்கும் கேஜ் உள்ளே போகாமல் தட்டியது. சுப்ரமணியன் இரண்டையும் எடுத்துச் சட்டைப் பையில் போடப் பார்த்தார்.

"வைங்க சார்," என்றாள் ஜீவிதா. "மேசை மேல."

"மொத போணிலயேவா?"

"அதான் மேல வெக்கச் சொல்றேன்."

ஜெயவேலு வெட்டும் கருவியின் நிலையைத் திருத்தினார். மூன்றாவது நின்றது. நான்காவதும் அதற்குப் பின் வந்தவையும் நின்றன. அளவில் நின்றவற்றை வில்லெம் பார்க்கவில்லை. முதல் இரண்டையும் கையில் எடுத்து நெடுநேரம் உருட்டிப் பார்த்தார். அப்புறம் கைகழுவக் குழாய் எங்கே என்று கேட்டார்.

விமான நிலையத்துக்கு அவரைக் கொண்டுவிட ஜீவிதாவும் காரில் போனாள். அனகாபுத்தூர் நெரிசலில் கார் நின்றது. அவள் தெரு வலப்பக்கம் இருந்தது. அதை அவள் காட்டவில்லை.

"ஹைஃபாங்கில் முதல் நாளே நன்றாக ஓடியது," என்றார் வில்லெம். "மேலாளர் வேலையை ஆறு மாதம் தற்காலிகமாகப் பாருங்கள். சம்பளம் இப்போதைக்கு ஏறாது. சரியாக வரவில்லை என்றால் கோலாலம்பூர்க்காரர்."

அவள் எதிர்பார்த்தது இதைவிடப் பெரியது.

"சரி," என்றாள். "ஆனால் எல்லா ஆலைக்கும் தேதி நான்தான் குறிப்பேன். ஐரோப்பாவிலிருந்து வரக் கூடாது."

"சுப்ரமணியனும் குறிக்கக் கூடாதா?"

"அவரும்தான்."

வில்லெம் தலையசைத்தார். "எப்போது வருவீர்கள்? அடுத்த வாரம் அங்கே அந்த மாதம் பிறக்கிறது. முடியும்வரை காத்திருக்க வேண்டுமோ?"

"அது முதலாளிக்கு. எனக்கு எல்லா மாதமும் ஒன்றுதான். விசா கைக்கு வந்த மறுநாள் கிளம்புவேன்."

கார் நகர்ந்தது. பம்மல் தாண்டுவதற்குள் அவள் லின்னுக்கு எழுதிவிட்டாள். ஆலைக்குப் பக்கத்தில் ஒரு அறை வேண்டும், சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.